23 அடியா, 31 அடியா? ஜோர்ஜியன் குடாவுக்கு ஒரு குடும்பப் படகைத் தெரிவுசெய்த நிகழ்வு ஆய்வு

ரொறன்ரோவுக்குக் கிழக்கே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தனது முதலாவது இயந்திரப் படகை வாங்கியபோது எடுத்த முடிவையும், அந்த முடிவு இரண்டு கோடைகாலங்களில் எப்படிப் பலித்தது என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். இறுதிவரை தெரிவில் நின்றவை இரண்டு படகுகள். ஒன்று ஐந்து வயதான 23 அடிப் படகு. சுக்கானைச் சுற்றிக் கண்ணாடி அறை அமைந்தது, பின்புறத்தில் 200 குதிரைவலுக் கொண்ட ஒற்றை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியது. மற்றது பதினேழு வயதான 31 அடி உல்லாசப் படகு. அதன் உடலுக்குள்ளே தலா 260 குதிரைவலுக் கொண்ட இரண்டு வி8 (எட்டு உருளை) பெற்றோல் இயந்திரங்கள் இருந்தன. சிறிய படகுக்குக் கேட்ட விலை 118,000 டொலர். பெரியதற்கு 92,000 டொலர். சிறியது விலை கூடியதாகவும் பெரியது மலிவானதாகவும் இருந்ததுதான் அந்தக் குடும்பத்தைக் குழப்பியது. பழைய படகுச் சந்தையில் இது வழக்கமான நிலைமை: பெரிய படகை வாங்குவதற்கு ஆட்கள் உண்டு, வைத்துப் பராமரிப்பதற்குத்தான் ஆட்கள் குறைவு, ஆகவே வயது ஏற ஏற அதன் விலை வேகமாக இறங்குகிறது.

அதே நீர்ப்பரப்பில் பதினான்கு பருவங்களாகப் படகு வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். கூலி எதுவும் பெறவில்லை. ஆனால் எனக்கும் ஒரு சாய்வு இருந்ததென்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னுடைய முதல் படகு எனக்குப் பெரிதாகிப்போன படகு. அதை நான்கே ஆண்டுகளில் நட்டத்துக்கு விற்றேன்.

குடும்பமும் நீர்ப்பரப்பும்

கணவருக்கு 52 வயது, மனைவிக்கு 49. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் 15 வயது மகனும் உள்ளனர். கணவரின் தந்தைக்கு 78 வயது. வடமராட்சிக் கரையில் பிறந்து, இளமையில் வள்ளம் ஓட்டியவர். மற்ற நால்வரும் நீச்சல் தெரிந்தவர்கள், ஆனால் படகு ஓட்டிப் பழகாதவர்கள். கணவரும் மனைவியும் உல்லாசப் படகு ஓட்டுநருக்கான அட்டையை அந்தக் குளிர்காலத்திலேயே இணையவழியில் எடுத்துவிட்டிருந்தார்கள். கனடாவில் இந்த அட்டைக்கு 50 வினாக்களில் 75 சதவீதம் சரியாக எழுதினால் போதும். அதே அட்டையோடு 14 அடித் தகரப் படகையும் ஓட்டலாம், 520 குதிரைவலுக் கொண்ட 31 அடிப் படகையும் ஓட்டலாம். சட்டம் இங்கே அளவைப் பார்ப்பதில்லை. வயதை மட்டும் பார்க்கிறது: 12 வயதுக்கு மேல் 16 வயதுக்குள் இருப்பவர், பெரியவர் துணையின்றி ஓட்டுவதானால், 40 குதிரைவலுவைத் தாண்டக் கூடாது. ஆகவே மகன் இரண்டு படகுகளையும் தனியே ஓட்ட முடியாது என்பது தொடக்கத்திலேயே முடிந்த விடயம்.

அவர்கள் போக நினைத்த இடம் ஜோர்ஜியன் குடாவின் கிழக்குக் கரை. ஹியூரன் ஏரியின் ஒரு பகுதியான இக்குடா ஏறத்தாழ 190 கிலோமீற்றர் நீளமும் 80 கிலோமீற்றர் அகலமும் கொண்டது. பரப்பளவில் ஒன்ராறியோ ஏரிக்கு அதிகம் சளைத்ததல்ல. கிழக்குக் கரையோரமாக, கருங்கல் மேடுகளாலும் வளைந்து நிற்கும் பைன் மரங்களாலும் ஆன முப்பதாயிரம் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் தீவுகளுக்கு இடையே போர்ட் செவர்னிலிருந்து பாரி சவுண்ட் வரை மிதவைகளால் குறிக்கப்பட்ட சிறுபடகு வழி ஒன்று உண்டு. அந்த வழிக்குள் நிற்கும்வரை ஏரி அடங்கியிருக்கும். வழி திறந்த நீருக்கு வெளிப்படும் இடங்களிலோ, ஊரில் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று முழுக் குடாவையும் உருட்டிக்கொண்டு வந்து கரையில் அறையும். அடியில் மணல் இல்லை, பாறை. தவறினால் மன்னிக்காது.

போர்ட் செவர்ன் மற்றொரு வகையிலும் முக்கியமானது. ஒன்ராறியோ ஏரியின் பக்கமுள்ள ட்ரென்டனில் தொடங்கும் 386 கிலோமீற்றர் நீளமான ட்ரென்ட்–செவர்ன் நீர்வழி அங்கேதான் முடிகிறது. லொக் என்று எல்லோரும் அழைக்கும் நீர்ப்பூட்டுகள் நாற்பதுக்கு மேல் அதில் உள்ளன. பீற்றர்பரோவில் 1904இல் திறக்கப்பட்ட நீர் உயர்த்தி, படகைத் தண்ணீரோடு சேர்த்துத் தொட்டியிலேயே 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்குகிறது. பிக் ஷூட் என்ற இடத்தில் படகுகளைத் தண்டவாள வண்டியில் ஏற்றி மேட்டைக் கடத்துகிறார்கள். அங்கே சாதாரண நீர்ப்பூட்டு கட்டாததற்குக் கடல் லாம்ப்ரே என்ற அந்நிய ஒட்டுண்ணி மீன் உள்நாட்டு ஏரிகளுக்குள் ஏறிவிடும் என்ற அச்சமே காரணம். இந்தத் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டுமென்பது அந்த முதியவரின் ஆசை. ஏனையோரின் ஆசைகள் வேறு. கணவர், உறவினர் பத்துப்பேரை ஏற்றிக்கொண்டு போய்த் தீவொன்றில் ஆட்டிறைச்சி வாட்ட விரும்பினார். மகளுக்குத் தோழிகளோடு நீந்த ஒரு மேடை வேண்டும். மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அண்ணை, கழிப்பறைக்குக் கதவு இருக்கோ?”

இரண்டிலும் இருந்தது. சிறியதில் முழங்கால் கதவில் இடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பிரிக்கும் கோடு

படகை நீளத்தால் அளப்பது வழக்கம். விளம்பரமும் நீளத்தைத்தான் சொல்லும், படகுகளைக் கட்டிவைக்கும் துறையான மரீனாவும் நீளத்துக்குத்தான் கட்டணம் அறவிடும். ஆனால் இந்தத் தெரிவில் உண்மையான எல்லைக்கோடு அகலத்தில் இருக்கிறது என்பதே என்னுடைய வாதம். ஒன்ராறியோவின் வீதிகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுத்துச் செல்லக்கூடியது 2.6 மீற்றர் அகலம் வரைதான். 23 அடிப் படகின் அகலம் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீற்றர், கட்டியவர்கள் அந்தச் சட்டத்தை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். 31 அடிப் படகின் அகலம் 3.2 மீற்றர். இந்த 61 சென்ரிமீற்றர் வேறுபாடு, ஒரு படகை இடம் மாற்றக்கூடிய பொருளாகவும் மற்றதை ஓரிடத்தில் வேரூன்றிய சொத்தாகவும் ஆக்கிவிடுகிறது. அகலமான படகு எந்த மரீனாவில் நிற்கிறதோ அங்கேதான் பருவம் முழுதும் கழியும். கரையேற்ற அந்த மரீனாவின் தூக்கியையும், பழுதுபார்க்க அந்த மரீனாவின் தொழிலாளரையும், குளிர்காலத்துக்கு அந்த மரீனாவின் முற்றத்தையும் நம்ப வேண்டும். விற்க நினைத்தாலும் வாங்குபவர் அங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

எடையும் அகலத்தின் பின்னாலேயே ஏறுகிறது. நீளம் 35 சதவீதம்தான் கூட. ஆனால் அகலமும் உயரமும் உடன்சேர்ந்து வளர்வதால் சிறியதன் வெற்று எடை 1,950 கிலோவாக இருக்கப் பெரியதன் வெற்று எடை 5,500 கிலோவாக இருந்தது.

இந்த இடத்தில் கணவர் மகிழ்ந்துபோனார். “அப்ப சின்னனை எங்கட வாகனத்தாலேயே இழுக்கலாம்தானே, அண்ணை?” என்றார். அவர்களிடம் இருந்தது 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ இழுக்க அனுமதிக்கப்பட்ட நடுத்தர எஸ்யூவி. 1,950 கிலோ அதற்குள் அடங்கும் என்பது அவருடைய கணக்கு. சமையலறை மேசையில் ஒரு கடித உறையின் பின்புறத்தில் மீதிக் கணக்கைப் போட்டேன். 300 லீற்றர் பெற்றோல், லீற்றருக்கு 0.74 கிலோ வீதம் 222 கிலோ. நல்ல தண்ணீர் 75 கிலோ. நங்கூரம், சங்கிலி, மின்கலங்கள், உடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் சேர்த்துக் குறைத்து வைத்தாலும் 180 கிலோ. ட்ரெயிலரின் சொந்த எடை 620 கிலோ. கூட்டினால் 3,047 கிலோ. வாகனத்தின் எல்லைக்கு மேலே 779 கிலோ.

கையேட்டில் சொல்லும் வெற்று எடையை நம்பிப் படகு வாங்குபவர்கள் எல்லோரும் விழும் குழி இது. கணவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, மெதுவாக ஓடினால் சமாளிக்கலாமோ என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். இழுப்பதைக் காட்டிலும் நிறுத்துவதுதான் கடினம், நெடுஞ்சாலை 400இன் இறக்கம் ஒன்றில் முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் மூன்று தொன் பின்னாலிருந்து தள்ளும். சட்டமும் இதில் விளையாட்டில்லை: 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெயிலருக்குத் தனித் தடுப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி.

அதன்பிறகு வீட்டு முன்றிலை நாடாவால் அளந்தோம். ட்ரெயிலரோடு படகு எட்டு மீற்றரைத் தாண்டும். முன்றில் ஆறு மீற்றர். ஆக, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்ற கனவும் அன்று மாலையே முடிந்தது.

வெள்ளோட்டம்

மே மாத நடுப்பகுதியில், ஒரே வாரத்தில், இரண்டு படகுகளையும் ஓட்டிப் பார்த்தோம். நீர் இன்னும் பனிக்கட்டியின் நினைவோடு இருந்தது. நாள் முழுதும் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற எவரையும் நான் விடவில்லை.

பெரிய படகு முதலில். அது திறந்த நீருக்கு வெளியே வந்ததும், பாதி மீற்றருக்குச் சற்று மேலான அலையில், மணிக்கு 40 கிலோமீற்றரில் சீராகப் போனது. கையில் இருந்த தேநீர் தளும்பவில்லை. மகள் முன்தளத்து மெத்தையில் சாய்ந்திருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தபோது படகு விற்றுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாள் சிறிய படகில் ஏறக்குறைய அதே அலையில் மணிக்கு 28 கிலோமீற்றருக்கு மேலே போனால் அணியத்தின், அதாவது முன்முனையின், அடிப்பக்கம் பலகையால் அடிப்பதுபோல நீரில் அறைந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. திறந்த நீரில் எடைதான் வசதி. குடாவின் அலை குறுகியது. ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரத்தை வினாடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் மீற்றரில் அலைநீளம் வரும். மூன்று வினாடி அலைக்கு அது 14 மீற்றர். 7 மீற்றர்ப் படகும் 9.4 மீற்றர்ப் படகும் அந்த அலையைவிடக் குட்டையானவைதாம், ஆகவே இரண்டுமே ஏறி இறங்கத்தான் வேண்டும். நீளம் காப்பாற்றுவதைவிட ஐந்தரைத் தொன் எடையே அங்கே பெரியதைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. அலை ஒரு மீற்றரைத் தாண்டி வேகத்தைக் குறைக்க வேண்டிவந்தால், பெரிய படகு ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குக் கீழே நீரின்மேல் வழுக்கி ஓட மறுத்து, அணியத்தை உயர்த்திக்கொண்டு நீரை உழத் தொடங்கும். சிறியது 22, 24 கிலோமீற்றரிலும் தட்டையாக ஓடியது. காற்று எழுந்துவிட்ட நாளில் வீடு திரும்ப உதவும் வேகம் அதுதான்.

கரை சேர்க்கும்போது நடந்ததுதான் என் குறிப்பேட்டில் அதிக இடம் பிடித்தது. இரட்டை இயந்திரம் என்பதால் பெரிய படகை, சுக்கானைத் தொடாமலே, ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் போட்டு நின்ற இடத்திலேயே திருப்பலாம். இந்த வசதி சிறியதில் இல்லை. ஆனால் பெரியதன் பக்கச் சுவர் உயரமானது, பாய்போல் காற்றைப் பிடிப்பது. மனைவியின் கையில் சுக்கானைக் கொடுத்தேன். இறங்குதுறைக்கு இரண்டு மீற்றர் இருக்கையில் பக்கக் காற்று அணியத்தைத் தள்ளியது. கணவர் முன்தளத்தில் கயிற்றோடு நின்று சத்தமிட்டார், மகன் கையால் தள்ளப் பார்த்தான். ஐந்தரைத் தொன்னை ஒரு கை தள்ளாது, தூணுக்கும் படகுக்கும் இடையில் அகப்பட்டால் கைதான் போகும். விற்பனை முகவர் பாய்ந்து வந்து நெம்பியைப் பிடித்தார். சிறிய படகிலும் மனைவி மூன்று தடவை தவறினார். நாலாவது தடவை சேர்த்துவிட்டார். தவறிய மூன்று தடவையும் படகு, பக்கத்தில் தொங்கும் மோதல் தாங்கியான பென்டரில் மெல்ல இடித்துவிட்டுத் திரும்பியது, அவ்வளவே.

எந்த ஆலோசனையிலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சுக்கானில் இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால் அடுத்த ஆள் இந்தப் படகைத் தனியே கரை சேர்ப்பாரா? அந்த வாரம், ஒரு படகுக்கு அதன் விடை ஆம், மற்றதற்கு இல்லை. பழகினால் மாறும் விடைதான். ஆனால் பழகுவதற்கு நாட்கள் வேண்டும், நாட்கள் எத்தனை என்பது பின்னால் வருகிறது.

முதியவர் ஏறி இறங்குவதையும் பார்த்தோம். பெரியதில் பின்மேடையில் கால்வைத்து, மூன்று படி ஏறி, வளைந்து உள்ளே போக வேண்டும். சிறியதன் பக்கச் சுவரில் ஒரு சிறு கதவு இருந்தது. இறங்குதுறையிலிருந்து நேராகக் கால் வைக்கலாம். அவர் 31 அடியின் உள்ளறையில் மெத்தையைத் தடவி, நுண்ணலை அடுப்பைத் திறந்து மூடிவிட்டு வெளியே வந்தார். “இது வீடு, தம்பி. வள்ளம் அங்கால நிக்குது” என்றார். அதைத் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை; வீடு வேண்டும் என்போருக்கு அது நல்ல வீடுதான்.

மூடியைத் திறந்தபோது

பெரிய படகை ட்ரெயிலரில் அல்ல, மரீனாவின் தூக்கியில் தொங்கவிட்டே பார்த்தோம். ஸ்டேர்ன் ட்ரைவ் எனப்படும் அமைப்பில் இயந்திரம் உள்ளேயும் அதன் கால் வெளியேயும் இருக்கும். கால் படகின் பின்சுவரைத் துளைத்து வரும் இடத்தில் நீர் உட்புகாதபடி ஒரு றப்பர் உறை மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். இடப்பக்கத்துக் காலை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிவிட்டுக் கைவிளக்கை அடித்தேன். மடிப்பின் ஆழத்தில், காய்ந்த குளத்து மண்போல நுண்ணிய வெடிப்புகள். விரல் நகத்தால் தடவினால் தெரியும், கண்ணுக்கு உடனே தெரியாது. அது கிழிந்தால் படகு நின்ற இடத்திலேயே நீர் உள்ளே வரும். உறையை மாற்றுவது பெரிய செலவல்ல. ஆனால் இரண்டு கால்களையும் கழற்ற வேண்டும், கழற்றினால் தாங்கிகளையும் மாற்றுவதே புத்தி. வெளியேற்றக் குழாய்களின் இணைப்பில் துருக் கசிவும் இருந்தது. நன்னீர்ப் படகு என்பதால் இந்த அளவோடு நின்றிருக்கிறது. கடலில் என்றால் பதினேழு வருடம் தாங்கியிராது. கட்டணம் பெற்றுப் பரிசோதிக்கும் மதிப்பாய்வாளரும் இதையே எழுதினார். உடனடி வேலைகளுக்கு 9,000 டொலர் அளவில் ஒதுக்கச் சொன்னார். 26,000 டொலர் விலை வேறுபாட்டில் மூன்றிலொரு பங்கு அங்கேயே போய்விட்டது.

உள்ளே இருக்கும் பெற்றோல் இயந்திரத்துக்கு மற்றுமொரு கட்டுப்பாடு உண்டு. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். அதனால் ஒவ்வொரு முறை இயக்குவதற்கு முன்னரும் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது விதி. நீர்ப்பூட்டுக்குள் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், வெளிவரும்போது மறுபடி இயக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு பூட்டுகளைக் கடப்பவர் ஆறு தடவை இதைச் செய்ய வேண்டும். வெளியே திறந்த காற்றில் தொங்கும் இயந்திரத்துக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. குளிர்காலமும் அப்படித்தான்: வெளியிணைப்பு இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும், உள்ளே இருக்கும் வி8 இயந்திரத்தில் ஒரு வடிகால் அடைத்து நீர் மிஞ்சினாலும் சனவரியின் உறைபனி வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். சிறியதில் நான்கு தீப்பொறிச் செருகிகள், பெரியதில் பதினாறு. பராமரிப்பு என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஓர் எண்ணே போதும்.

நாட்காட்டியும் காசும்

நீர்வழியின் பருவம் மே நடுப்பகுதியில் தொடங்கி ஒக்ரோபர் நடுப்பகுதியில் முடிகிறது. வார இறுதிகள் ஏறத்தாழ 21. குடும்பத்தை மேசையில் இருத்தி, முந்திய ஆண்டு நாட்காட்டியை விரித்து, படகு இருந்திருந்தால் எந்த வார இறுதியில் போயிருப்பீர்கள் என்று கேட்டேன். ரொறன்ரோத் தமிழருக்குக் கோடை என்பது கலியாணக் காலம். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் என்று ஐந்து வார இறுதிகள் உடனே அடிபட்டன. குளிரும் மழையும் நான்கு. மகனின் போட்டிகள் இரண்டு. மீதி பத்து. அந்தப் பத்தில் இரவு தங்கியிருக்கக்கூடியவை நான்கு. உறவினர் கூட்டத்தோடு போயிருக்கக்கூடியவை இரண்டு. கணவர் அந்த இரண்டு நாட்களுக்காகத்தான் 31 அடியை விரும்பினார் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் தெளிவானது, அவருக்கும்.

செலவில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. எல்லோரும் அஞ்சியது பெற்றோலுக்கு. வெள்ளோட்டத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சிறியது மணிக்கு 34 லீற்றரும் பெரியது 92 லீற்றரும் குடித்தன, கிலோமீற்றருக்கு 0.85 லீற்றரும் 2.3 லீற்றரும். பத்துப் பயணம், தலா 60 கிலோமீற்றர் என்று வைத்தால் ஆண்டுக்கு 870 லீற்றர்தான் வேறுபாடு. லீற்றர் 2 டொலர் என்று கொண்டாலும் 1,740 டொலர். கால்வாய்ப் பகுதிகளில் வேகவரம்பு மணிக்கு 10 கிலோமீற்றர் என்பதால் அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே நடை நடக்கும், வேறுபாடு இன்னும் சுருங்கும். மரீனாக் கட்டணத்திலும் வேறுபாடு பயந்த அளவு இல்லை. மரீனாக்காரர் நாடாவை நங்கூரத் தாங்கியிலிருந்து பின்மேடையின் விளிம்பு வரை பிடிப்பார். 31 அடிப் படகு அவருடைய நாடாவில் 33 அடி 6 அங்குலம், 23 அடிப் படகு இயந்திரத்தோடு சேர்ந்து 26 அடி. அடிக்கு 115 டொலர் வீதம் பருவத்துக்கு 860 டொலர் அளவிலேயே விலகல். உண்மையான பிளவு பராமரிப்பில் இருந்தது: சிறியதற்கு ஆண்டுக்கு 1,200 டொலர், பெரியதற்கு 5,000 டொலர் என்று இரண்டு தொழிலாளரிடம் தனித்தனியே கேட்டுப் பெற்ற மதிப்பீடு. அத்தோடு 9 மீற்றரைத் தாண்டிய படகு என்பதால் பெரியதற்கான கட்டாயப் பாதுகாப்புப் பொருட்கள் அடுத்த வகுப்புக்கு ஏறும். சமிக்ஞைத் தீப்பந்தங்கள் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு. அது சிறு செலவு.

இங்கேதான் என் வாதத்துக்கு ஒரு சோதனை வந்தது. இழுக்க வாகனம் இல்லை, வீட்டில் நிறுத்த இடம் இல்லை. சிறியதையும் மரீனாவில்தான் கட்டப்போகிறோம் என்றால் 2.6 மீற்றர் அகலத்தால் என்ன லாபம் என்று மகள் கேட்டாள். சரியான கேள்வி. வாரந்தோறும் இழுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். எஞ்சியது ஆண்டுக்கு இரண்டு தடவை நகர்த்தும் வசதி. மனைவியின் தம்பி கூரை வேலை செய்பவர். அவரிடம் மூன்று தொன்னை அநாயாசமாக இழுக்கும் பிக்கப் ட்ரக் உண்டு. வசந்தத்தில் ஒரு நாள், இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் வந்தால், குளிர்காலத்துக்கு மலிவான பண்ணைக் கொட்டகையிலும், விரும்பினால் அடுத்த பருவத்துக்கு சென்ற் லோரன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகள் பக்கத்திலும் படகை வைக்கலாம். மரீனாவோடு மனக்கசப்பு வந்தாலும் ஒரு ட்ரக்கைக் கூப்பிட்டால் போதும். அந்தச் சுதந்திரத்துக்கு நான் கொடுத்த எடையை மகள் கொடுக்கவில்லை, அது அவளுடைய உரிமை.

முடிவும் இரண்டு பருவங்களும்

சிறியதை 111,000 டொலருக்கு வாங்கினார்கள். கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதற் பருவத்தில் பன்னிரண்டு தடவை போனார்கள். நாட்காட்டி சொன்னதைவிட இரண்டு கூட, ஏனெனில் வெள்ளிக்கிழமை நெரிசலுக்குப் பின்பு இரவு ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பத்து நிமிடத்தில் கயிறவிழ்க்க முடிந்தது. இரண்டாம் பருவத்தில் ஒன்பது. மனைவி இப்போது தனியே கரை சேர்க்கிறார், பக்கக் காற்றிலும். படகால் மட்டுமே போகக்கூடிய தேசியப் பூங்காத் தீவான போசலெயில் அவர்கள் கழித்த இரவுகள் ஐந்து.

தவறிய கணக்குகளும் உண்டு. மகள் இரண்டாம் பருவத்தில் இரவு தங்க வரவில்லை. முன்னறைப் படுக்கையில் இரண்டுபேர் படுக்கலாம், மூன்றாவது ஆளின் படுக்கை சாப்பாட்டு மேசையை இறக்கிப் போடுவது, நடுவில் எவரும் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். பத்து உறவினரை ஏற்றும் நாட்கள் நடக்கவேயில்லை. அதற்குப் பதிலாக ஒரு தடவை தீவுச் சுற்றுலாப் படகில் பயணச்சீட்டு எடுத்து எல்லோரையும் கூட்டிப்போனார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் சிம்கோ ஏரியைக் கடக்கையில் காற்று எழுந்தது. அந்த ஏரி சட்டென்று கொதிக்கும். ஒன்றரை மணிநேரம் மணிக்கு 20 கிலோமீற்றரில் அடிபட்டுக்கொண்டு ஒரிலியாவுக்கு வந்து சேர்ந்தபோது, 31 அடியாக இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று கணவர் சொன்னாராம். அன்றைக்கு அவர் சொன்னது சரி.

அந்தப் பயணம் பிக் ஷூட்டுக்கானது. தண்டவாள வண்டியில் படகு நீரைவிட்டு எழும்பியபோது முதியவர் உள்ளே இருக்க மறுத்து, பின்தளத்தில் நின்றபடியே மேட்டைக் கடந்தார். இயந்திரத்தின் விசிறி இலைகளிலிருந்து நீர் சொட்டுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக மகன் சொன்னான்.

சென்ற மாதம் கணவர் தொலைபேசியில் அழைத்தார். 27 அடிப் படகொன்று பார்த்திருக்கிறாராம், மூன்றாவது படுக்கை தனியாக இருக்கிறதாம். நான் வாய் திறக்கும் முன்னரே, “அகலம் எட்டு அடி ஆறு அங்குலம்தான், அண்ணை” என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். வெற்று எடையா, எல்லாம் ஏற்றிய எடையா என்று அவர் திருப்பிக் கேட்டார். மைத்துனரின் ட்ரக்கை வாங்கி, பெற்றோல் நிரப்பிய நிலையில் படகை ட்ரெயிலரோடு நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.